இருபத்தொன்பதாவது பெண்



2025 மார்ச் கடைசியில் ஒரு வாசகி போன் செய்தார். நம் இதழைப் பல வருடமாகப் படிப்பவர். நவராத்திரிக்குக் கொலுப் படம் அனுப்புவார். சமையல் பக்கத்தில் உப்பு அளவு தப்பினால் உரிமையோடு சொல்லிக்காட்டுவார். அன்றைக்குக் குரலே வேறாக இருந்தது.

அவர் பெண் ஹைஸ்கூல் கடைசி வருடம். ஒரு கல்லூரியின் சாக்கர் (கால்பந்து) டீமில் இடம் உண்டு என்று கோச் வாய்வார்த்தையாகச் சொல்லி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. ஸ்காலர்ஷிப் கிடையாது, 'வாக்-ஆன்' என்பார்களே, அப்படி. அந்த ஒரு சொல்லை நம்பி, கூப்பிட்ட வேறு இரண்டு கல்லூரிகளுக்கு வேண்டாம் என்று எழுதியாகிவிட்டது. இப்போது கோச் அழைத்து, புது விதி வருகிறது, இனி 28 பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது என்றாராம்.

"எங்க பொண்ணு இருபத்தொன்பதாவது ஆளாப் போயிட்டா சார்" என்றார் அந்த அம்மா.

எனக்குப் பதில் தெரியவில்லை. என் மகளை ஒன்பது வருடம் பிராக்டிஸுக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனவன் நான். ஆஃப்சைடு எது, இல்லை எது என்று விளக்கச் சொன்னால் விளக்கிவிடுவேன். ஆனால் ஒரு கல்லூரி டீமில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதை யார், எங்கே உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள்? நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? அந்த போனுக்குப் பிறகு தேடித்தேடிப் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்த மாதப் பக்கம்.

அமெரிக்காவில் நம் வீடுகளுக்குள் சாக்கர் எப்படி வந்தது என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைக்கு ஐந்து வயதில் பக்கத்துப் பூங்காவில் சேர்ப்போம், நாலு பிள்ளைகளோடு பழகட்டும் என்று. பத்து வயதில் அது கிளப் ஆகிவிடும். பிறகு சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து, புளியோதரையை ஃபாயிலில் சுற்றி, தெர்மாஸில் காபி ஊற்றிக்கொண்டு, இரண்டு மணி நேரம் ஓட்டிப் போய் ஒரு டோர்னமென்ட். ஊரிலிருந்து ஆறு மாதம் வந்திருக்கும் பாட்டிகூட ஸ்வெட்டரும் மஃப்ளருமாக மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, பேத்தி பந்தைத் தொட்டால் கை தட்டுவாள்.

கிளப் கட்டணம், வெளி மாநிலத்து ஹோட்டல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது ஷூ என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். அதற்கெல்லாம் ஒரு சமாதானம் நம் மனதின் மூலையில் உட்கார்ந்திருக்கும். கல்லூரிக்கு ஸ்காலர்ஷிப் கிடைக்குமே.

அந்தக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 2025 கோடைவரை, முதல் பிரிவு எனப்படும் டிவிஷன் ஒன் கல்லூரி ஒன்று பெண்கள் சாக்கருக்கு மொத்தம் 14 ஸ்காலர்ஷிப்தான் தர முடிந்தது. ஆண்கள் சாக்கருக்கு 9.9. அதென்ன புள்ளி ஒன்பது? கோச் அந்த மொத்தத்தைத் துண்டு போட்டுப் பலருக்குப் பிரித்துத் தரலாம், அதனால்தான். ஒரு பெண்ணுக்குப் பாதிச் செலவு, இன்னொருத்திக்குக் கால், வேறு சிலருக்குப் புத்தகச் செலவு. முழுச் செலவும் கிடைத்தவர்கள் சிலரே. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகளிலும் கிடையாது. நம் வீட்டு விருந்துகளில் 'ஃபுல் ஸ்காலர்ஷிப்' என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை, ஆசையைச் சொல்கிறார்கள்.

ஆனாலும் இந்தக் கல்லூரி மைதானங்கள் நமக்குத் தந்திருப்பது கொஞ்சமா?

வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1979-ல் ஆன்சன் டோரன்ஸ் ஒரு பெண்கள் சாக்கர் டீமைத் தொடங்கினார். அப்போது நாட்டில் பெண்களுக்குக் கல்லூரி சாக்கர் என்பதே அபூர்வம். என்.சி.ஏ.ஏ. என்ற தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்களுக்கான சாம்பியன்ஷிப்பை 1982-ல்தான் ஆரம்பித்தது. அதிலிருந்து 2000 வரை நடந்த 19 போட்டிகளில் 16-ஐ வட கரோலினாவே வென்றது. புகழ்பெற்ற வீராங்கனை மியா ஹாம் அங்கே படித்தபோது ஆடிய நான்கு சீசனிலும் கோப்பை அவர்களுக்குத்தான். 2024 டிசம்பரில் வேக் ஃபாரஸ்ட்டை 1-0 என்று ஜெயித்து 22-வது என்.சி.ஏ.ஏ. பட்டத்தையும் வாங்கிவிட்டார்கள்.

பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை 1991-ல் சீனாவில் நடந்தது. அமெரிக்கா வென்றது. அந்த டீமுக்கும் டோரன்ஸ்தான் கோச். இறுதி ஆட்டத்தில் நார்வேக்கு எதிராக இரண்டு கோலும் அடித்த மிஷெல் ஏக்கர்ஸ், சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் ஆடியவர். எட்டு வருடம் கழித்து, 1999-ல், பாசடீனாவின் ரோஸ் பௌல் மைதானத்தில் 90,185 பேர் உட்கார்ந்து பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைப் பார்த்தார்கள். கடைசி பெனால்டியை அடித்த பிராண்டி சாஸ்டேன், சான்டா கிளாரா பல்கலைக்கழகத்து மாணவி. 2025 ஜனவரியில், ஸ்டான்ஃபோர்டில் ஆடி வளர்ந்த நவோமி கிர்மாவை வாங்க லண்டனின் செல்சி கிளப் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது. பெண்கள் கால்பந்தில் அவ்வளவு பெரிய தொகை கைமாறியது அதுதான் முதல்முறை. கிர்மாவின் அப்பா எத்தியோப்பியாவிலிருந்து இங்கே குடியேறியவர். படிக்கும்போது எனக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் முகம் நினைவுக்கு வந்தது.

இந்தப் பெண்கள் எல்லோரும் திறமைசாலிகள், உழைப்பாளிகள். சந்தேகமே இல்லை. ஆனால் அவர்களுடைய அம்மாக்கள் காலத்திலும் திறமைசாலிப் பெண்கள் இருந்திருப்பார்கள்தானே? அவர்கள் ஏன் ஆடவில்லை?

ஆடுவதற்கு டீம் இல்லை. அவ்வளவுதான். 1972 ஜூன் 23 அன்று ஜனாதிபதி நிக்சன் கையெழுத்திட்ட கல்விச் சட்டத்தில் 'டைட்டில் நைன்' என்று ஒரு பகுதி. அரசுப் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனத்திலும் ஆண், பெண் என்று பாகுபாடு கூடாது என்றது அது. 37 சொற்களில் ஒரே வாக்கியம். அதில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்டவர்களில் ஒருவர், ஹவாயிலிருந்து காங்கிரஸுக்குத் தேர்வான ஜப்பானிய வம்சாவளிப் பெண்மணி பாட்ஸி மிங்க். மருத்துவக் கல்லூரிகள் கதவை அடைத்ததால் சட்டம் படிக்கப் போனவர். அப்போது ஹைஸ்கூல் விளையாட்டில் இருந்த பெண்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. இன்று முப்பது லட்சத்துக்கும் மேல்.

என் மகள் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடியதற்குப் பின்னால் அந்த ஒரு வாக்கியம் இருந்தது என்பதே எனக்கு வெகுநாள் தெரியாது.

ஒரு விதி இவ்வளவு செய்யும் என்றால், விதியை எழுதும் கை யாருடையது என்று நாம் பார்க்க வேண்டாமா?

என்.சி.ஏ.ஏ. பிறந்த கதையே ஒரு சோகத்தில் தொடங்குகிறது. 1905-ல் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பாலில் மாணவர்கள் அடிபட்டுச் செத்தார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிக்காரர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். மறு வருடம் அந்தச் சங்கம் உருவானது. பிள்ளைகள் உயிரைக் காப்பாற்றத் தொடங்கிய அமைப்பு இது.

ஐம்பது வருடம் போனது. 1955-ல் கொலராடோவில் ஒரு சிறிய கல்லூரிக்காக ஃபுட்பால் ஆடிய இளைஞர் தலையில் அடிபட்டு இறந்தார். ஸ்காலர்ஷிப்புக்காக ஆடியது வேலைதானே, வேலை செய்யும்போது இறந்தால் தரும் இழப்பீட்டை எனக்குத் தாருங்கள் என்று அவர் மனைவி வழக்குப் போட்டார். 1957-ல் மாநில உச்ச நீதிமன்றம் இல்லை என்றுவிட்டது. கல்லூரி ஃபுட்பால் வியாபாரம் செய்யவில்லை, அவர் கல்லூரியின் ஊழியரும் அல்ல என்பது தீர்ப்பு. இம்மாதிரி வழக்குகள் வந்த அந்த ஆண்டுகளில்தான் 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற சொல்லைச் சங்கம் எல்லா விதிகளிலும் புகுத்தியது. கேட்க அழகான சொல். அதைப் புகுத்திய வால்டர் பையர்ஸ், 1951-லிருந்து முப்பது வருடத்துக்கும் மேல் சங்கத்தின் தலைமை நிர்வாகி, ஓய்வு பெற்ற பிறகு தாமே ஒரு புத்தகம் எழுதி அந்த ஏற்பாட்டைக் கண்டித்தார்.

பிறகு டிவி வந்தது, பணம் வந்தது. ஃபுட்பாலிலும் ஆண்கள் பாஸ்கெட்பாலிலும் கோடிக்கணக்கில் வருமானம். ஆடும் பிள்ளைக்கு மட்டும் ஸ்காலர்ஷிப்புக்கு மேல் எதுவும் கூடாது என்ற விதி. நியாயமா? 2021 ஜூனில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், படிப்பு சம்பந்தமான உதவிகளுக்குச் சங்கம் உச்சவரம்பு வைக்கக் கூடாது என்றார்கள். அடுத்த மாதமே, மாணவர்கள் தம் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆனது. என்.ஐ.எல். என்று பிள்ளைகள் பேசிக்கொள்வது அதைத்தான். நான் அதை முழுமனதோடு வரவேற்கிறேன். உழைத்த பிள்ளைக்குக் கூலி தருவதில் என்ன தப்பு?

2025 ஜூன் 6 அன்று கலிபோர்னியாவில் நீதிபதி க்ளாடியா வில்கன் இன்னொரு பெரிய சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். முன்பு ஆடியவர்களுக்குப் பத்து வருடத்தில் சுமார் 2.8 பில்லியன் டாலர். சமரசத்தில் சேரும் ஒவ்வொரு கல்லூரியும் 2025-26-ல் சுமார் 20.5 மில்லியன் டாலர்வரை வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம் என்று ஆனது. ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பு எடுக்கப்பட்டது. அதற்குப் பதிலாக டீமில் எத்தனை பேர் என்பதற்கு வரம்பு வந்தது.

சாக்கருக்கு அந்த எண்தான் 28.

காகிதத்தில் பார்த்தால் தாராளமாகத் தெரியும். 14 பேருக்கான பணத்தைத் துண்டு போடாமல், 28 பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் தரலாமே! தரலாம்தான். தர வேண்டும் என்று எங்கும் இல்லை. பங்குப் பணத்தில் பெரும்பகுதி ஃபுட்பாலுக்கும் ஆண்கள் பாஸ்கெட்பாலுக்கும் போகும் என்பதை எல்லோரும் அறிவார்கள். சாக்கர் டீமுக்கு உடனே வந்து சேர்ந்தது அந்த எண் மட்டுமே. முப்பது முப்பத்திரண்டு பேர் இருந்த டீம்கள், ஸ்காலர்ஷிப் கேட்காமல், ஆட ஆசைப்பட்டுச் சேர்ந்த பிள்ளைகளைக் கழித்துவிட்டன. நம் வாசகியின் பெண் அப்படித்தான் போனாள்.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. பல விளையாட்டுகளிலிருந்தும் ஆட்சேபக் கடிதங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. ஒப்புதலுக்கு முன், ஏப்ரலில் நடந்த விசாரணையில் சிலர் நேரிலேயே பேசினார்கள். நீதிபதி காது கொடுத்துக் கேட்டார். இடம் இழந்தவர்களுக்கு வழி செய்யாவிட்டால் ஒப்புதல் இல்லை என்று ஏப்ரல் 23 அன்று சமரசத்தைத் திருப்பி அனுப்பினார். பெரிய பெரிய வக்கீல்கள் கூடித் தீட்டியது, கல்லூரிப் பிள்ளைகள் எழுதிய கடிதங்களால் நின்றது! அதன் பிறகு வந்த திருத்தம் இது: இப்படிக் கழிக்கப்பட்டவர்களையும், இடம் தருவதாகச் சொல்லிப் பிறகு கைவிடப்பட்டவர்களையும் கல்லூரிகள் பட்டியலிட வேண்டும், அவர்களை எந்தக் கல்லூரி சேர்த்துக்கொண்டாலும் 28-க்குள் எண்ண வேண்டாம்.

ஆனால் சேர்த்தே ஆக வேண்டும் என்று யாரையும் அந்தத் திருத்தம் கட்டாயப்படுத்தவில்லை. கதவைத் திறந்து வைத்தார்கள், உள்ளே அழைப்பதைக் கல்லூரியின் விருப்பத்துக்கு விட்டார்கள்.

டீமில் ஓர் இடத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதை 2019-ல் நாடே பார்த்தது, ஞாபகம் இருக்கிறதா? பணக்காரப் பெற்றோர் லஞ்சம் கொடுத்துப் பிள்ளைகளைப் பெரிய கல்லூரிகளில் சேர்த்த வழக்கு. யேல் பல்கலைக்கழகப் பெண்கள் சாக்கர் கோச் குற்றத்தை ஒப்புக்கொண்டார். யு.சி.எல்.ஏ.வின் ஆண்கள் சாக்கர் கோச் சிறைக்குப் போனார். போட்டி ஆட்டம் ஆடியே இராத ஒரு பெண், சாக்கர் வீராங்கனை என்ற பெயரில் உள்ளே நுழைந்திருந்தாள். அந்த இடத்தில் வெளியே நின்றவள் யார் வீட்டுப் பெண்ணோ? அவள் பெயர் எந்தக் குற்றப்பத்திரிகையிலும் இருக்காது.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று. பங்குப் பணத்துக்கு டைட்டில் நைன் பொருந்துமா? பொருந்தும் என்று 2025 ஜனவரியில் மத்தியக் கல்வித் துறை சொன்னது. அரசு மாறியது, பிப்ரவரியில் அதை வாபஸ் வாங்கிவிட்டார்கள். முன்பு ஆடியவர்களுக்கான அந்தப் பாக்கித் தொகையைப் பிரித்த விதம் பெண்களுக்கு அநியாயம் என்று எட்டுப் பெண்கள் 2025 ஜூனில் மேல்முறையீடு செய்தார்கள். சாக்கர் ஆடியவர்களும் அதில் உண்டு. என்ன தீர்ப்பு வந்தாலும், அதைக் கேட்கத் துணிந்த அந்தப் பெண்களுக்கு நம் ஆசி.

பயணத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஃபுட்பாலின் டிவி ஒப்பந்தத்தைத் துரத்திக்கொண்டு 2024-ல் மேற்குக் கரைக் கல்லூரிகள் பழைய போட்டிக் கூட்டணியை விட்டு ஓடின. யு.சி.எல்.ஏ.வும் வாஷிங்டனும் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் இருக்கும் பிக் டென்னில் சேர்ந்தன. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில். பசிபிக் கரைக் கல்லூரி அட்லாண்டிக் கரைக் கூட்டணியில்! ஃபுட்பால் டீம் வாரத்துக்கு ஓர் ஆட்டம்தான் ஆடுகிறது. சாக்கர் பிள்ளைகள் வியாழன் ஒன்று, ஞாயிறு ஒன்று என்று ஆடுகிறவர்கள். மூன்று மணி நேரம் முந்தி விடியும் ஊருக்குப் பறந்து போய், ஆடி, நள்ளிரவில் திரும்பி, திங்கள் காலை கெமிஸ்ட்ரி வகுப்பில் உட்கார வேண்டும். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் ப்ரீ-மெட். லேப் வகுப்பைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று கூட்டணியை மாற்றிய மேஜையில் யாராவது கேட்டிருப்பார்களா? ஒரு சாக்கர் அம்மாவை அந்த மேஜையில் உட்கார வைத்திருந்தால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருந்திருக்கும்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

பத்தாம் வகுப்பு முடிந்து ஜூன் 15 ஆனால் டிவிஷன் ஒன் கோச்கள் நேரடியாகப் பிள்ளையிடம் பேசலாம். அந்த போன் வந்த சந்தோஷத்தில் நாம் கேள்வியே கேட்பதில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்ந்தவர்கள் நாம். கோச் என்றால் வாத்தியார் மாதிரி. தயவுசெய்து கேளுங்கள். இந்தக் கல்லூரி 28 என்ற வரம்புக்குள் வந்துவிட்டதா? வராத கல்லூரிகளும் உண்டு. இப்போது டீமில் எத்தனை பேர், என் மகள் ஆடும் இடத்தில் எத்தனை பேர்? கல்லூரி மாறுவதற்கான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக, மூன்று வருடம் ஆடிப் பழகிய மாணவிகளை எத்தனை பேர் எடுக்கிறீர்கள்? 17 வயதுப் பிள்ளை இன்று போட்டி போடுவது சக ஹைஸ்கூல் பிள்ளைகளோடு மட்டும் இல்லை, 21 வயதுக்காரர்களோடும்தான்.

எதையும் எழுத்தில் வாங்குங்கள். 'லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்று பெருமையோடு கையெழுத்துப் போட்டுப் படம் எடுப்போமே, அந்த ஏற்பாட்டையே 2024 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். இப்போது நிதி உதவி ஒப்பந்தம்தான் காகிதம். உதவித்தொகை இல்லாமல் சேரும் வாக்-ஆன் பிள்ளைக்கு அதுவும் கிடையாது. குறைந்தபட்சம் கோச் சொன்னதை ஒரு மின்னஞ்சலிலாவது வாங்கி வையுங்கள்.

நம்மில் பலருக்கு இன்னும் பச்சை அட்டை வரவில்லை. எச்-4 விசாவிலோ எஃப்-1 விசாவிலோ இருக்கும் பிள்ளைக்கு என்.ஐ.எல். பணம் பெரிய சிக்கலில் முடியலாம். எச்-4 பிள்ளைக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, எஃப்-1-க்குக் கட்டுப்பாடு அதிகம். பக்கத்துக் கடைக்காரர் ஒரு படத்துக்கு நூறு டாலர் தருகிறேன் என்றாலும், குடிவரவு வக்கீலிடம் கேட்காமல் சரி சொல்லாதீர்கள்.

உங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு நிர்வாகக் குழு இருக்கிறது. அதன் கூட்டங்களில் பொதுமக்கள் பேசப் பெரும்பாலும் நேரம் ஒதுக்குவார்கள். கல்லூரி விளையாட்டைப் பற்றிய மசோதாக்கள் வாஷிங்டனில் அவ்வப்போது நடமாடுகின்றன. உங்கள் தொகுதிப் பிரதிநிதியின் அலுவலகத்தில் போனை எடுப்பார்கள். தமிழ்ச் சங்க அரங்கத்துக்காக நகரசபையில் நாம் வரிசையில் நின்று பேசவில்லையா? நீதிபதிக்கு அந்தப் பிள்ளைகள் எழுதிய கடிதங்களைவிட நம் கடிதம் ஒன்றும் சின்னதாக இருந்துவிடாது.

நம் வாசகியின் பெண்ணைப் பற்றிக் கேட்பீர்கள். முதல் கல்லூரியின் பட்டியலில் அவள் பெயர் வந்தது. விருப்பமானால் பார்க்கலாம் என்பது போல ஒரு பதிலும் வந்தது. பெண்ணே வேண்டாம் என்றுவிட்டாளாம். அதற்குள் மூன்றாம் பிரிவுக் கல்லூரி ஒன்று அவளைச் சேர்த்துக்கொண்டது. ஸ்காலர்ஷிப் இல்லை. அப்பா சம்பளத்தில் கொஞ்சம், கடன் கொஞ்சம். வலது பக்க டிஃபென்ஸில் ஆடுகிறாள். பயாலஜி படிக்கிறாள்.

போன வாரம் அம்மா மறுபடி போன் செய்தார். குரல் பழையபடி இருந்தது. போன இதழில் வத்தக்குழம்புக்குப் புளி அதிகம் என்றார். இந்தச் சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு ஆட்டம், எங்கள் வீட்டிலிருந்து நாற்பது மைல். டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். ஊரிலிருந்து பாட்டியும் வந்திருக்கிறாராம். நானும் என் மனைவியும் போகிறோம். நாற்காலி நாங்கள் கொண்டுவருகிறோம், புளியோதரை அவர்கள் பொறுப்பு.

அன்புடன்,
ஆசிரியர்